நீல வெளிச்சத்தில் எட்டோரேயின் தொண்டை

இத்தாலியில், ஜெனோவாவின் மேட்டுத் தெருக்களில் எட்டோரே பூசாத சுவர் ஒன்று இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், பதினோரு ஆட்களை வைத்து வேலை வாங்கினார். மேஸ்திரி என்றால் அவர்தான். மற்றவன் எல்லாம் சுண்ணாம்பு குழைக்கிறவன்.

மனைவி நீவெஸுக்கு நாற்பது வயதில் பார்வை போனது. அன்றிலிருந்து அவர் தொண்டைதான் அவளுக்குத் தெரு. "படி, நாலு. வலப்பக்கம் வண்டி நிக்குது. குனி, துணி காயுது." இருபத்தாறு வருஷம் இப்படி. போன குளிர்காலத்தில் அந்தத் தொண்டை கரகரத்தது, மூன்று மாதமாகியும் தெளியவில்லை. சதையை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மரேங்கோ என்ற அம்மாள் எட்டோரேயின் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் படம் பிடித்து, அதைத் திரையில் நிறுத்தினார். இடது குரல் நாணில் பயறு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

"சுத்தி நாலு விரக்கடை சேத்து வெட்டிடுங்க டாக்டரம்மா," என்றார் எட்டோரே. "ஈரம் ஏறின சுவத்துல கறையை மட்டும் கொத்தினா அடுத்த மழைக்கே திரும்பி வரும். எங்க வேலையில தாராளமாத்தான் கொத்துவோம்."

"உங்க சுவத்தை மறுபடி பூசலாம் சிஞ்ஞோர். இங்க ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனா அவ்வளவு குரல் போயிடும்."

"கொஞ்சம் போனா ஊருக்கே நிம்மதி டாக்டர்," என்றாள் பக்கத்தில் இருந்த நீவெஸ். ஆனால் அவர் சட்டைக்கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"கம்மியா வெட்டி, நோய் உள்ளேயே தங்கிட்டா?" இதைக் கேட்கும்போது மேஸ்திரியின் குரலில் மேஸ்திரி இல்லை.

டாக்டர் அடுத்த படத்தைப் போட்டார். அதே இடம்தான், நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சத்தில். இப்போது பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

"நோய் தனக்குத் தீனி கொண்டுவர கோணல்மாணலா ரத்தக்குழாய் போட்டுக்கும். சாதா வெளிச்சத்துல மறைஞ்சுடும், இதுல பழுப்பா மாட்டிக்கும். லேசரால வெட்டும்போதும் இதை வெச்சுத்தான் எல்லை பாப்பேன். வெட்டின ஓரத்தை லேப்லயும் பாப்பாங்க."

எட்டோரே எழுந்துபோய்த் திரையில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்றார். வெள்ளைத் திட்டுக்குப் பின்னால் புள்ளியே இல்லை. முன்பக்கம், பழுதே இல்லாமல் தெரிந்த இடத்தில், கடுகைத் தூவின மாதிரி அப்பிக் கிடந்தது.

"சுவத்தை ஒப்படைக்கிறதுக்கு முந்தி நான் விளக்கைப் பக்கவாட்டுல பிடிச்சுப் பாப்பேன்," என்றார் மெதுவாக. "நேர் வெளிச்சத்துல எல்லாச் சுவரும் யோக்கியம். நீங்களும் மேஸ்திரிதான் டாக்டரம்மா. வெட்டுங்க."

அந்தப் பட்டத்தை அவர் இன்னொருவருக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கழுத்தில் கத்தி படவில்லை, ஆபரேஷன் வாய் வழியாகவே முடிந்தது. பத்து நாள் பேசக்கூடாது என்றார்கள்.

வீட்டில் நீவெஸ் அறை அறையாகத் தேடினாள். "எங்கய்யா இருக்கே? காலையாவது தரையில தட்டேன்!" ஒருநாள் சமையலறையில் இருவரும் மோதிக்கொண்டார்கள். அவள் அவர் முகத்தைத் தடவினாள். ஈரம். "வெங்காயம் நறுக்கினியா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினார், அவள் கைகளுக்குள்ளேயே.

பதினோராம் நாள் லேப் முடிவைப் படித்துக் காட்டினார் டாக்டர். ஓரமெல்லாம் சுத்தம். இனி பேசலாம்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் எட்டோரே வாயைத் திறந்தார். "படி."

கிழிந்த துருத்தியில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம். தெரு இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. நீவெஸ் நின்றாள்.

"படி. மூணு."

"யாருய்யா அது?"

அவள் அவரை இழுத்துத் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"தெரு பூரா கேக்கணும்னு என்ன இருக்கு? எனக்குக் கேக்குது. ம், மூணு. அப்புறம்?"

"பஸ் வருது," என்றார் எட்டோரே. "நம்ம பஸ் இல்ல."