மாவு கலந்த வெள்ளை

இல்லை, ட்ரூடா வேண்டுமென்று செய்யவில்லை. பெஸ்யாவின் மருமகள் நேற்றும் மருந்துக்கடை வாசலில் நின்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்காப் பண்டிகைத் தட்டில் கோதுமை மாவைப் பூசி ஊரையே தீட்டாக்கப் பார்த்தாளாம், குட்டு வெளிப்பட்டதும் ஜெர்மனிக்கு ஓடிப்போனாளாம். அந்த மருமகள் அப்போது பிறக்கவே இல்லை. நான் இருந்தேன். ட்ரூடாவின் களிமண்ணை வருஷக்கணக்கில் மிதித்த கால் இது. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண் நன்றாகவே தெரியும். அதனால் நான் சொல்கிறபடியே எழுது, நடுவில் அழகு பண்ணாதே.

ஓடிப்போக ஜெர்மனியில் அவளுக்கு யார் இருந்தார்கள்? யூதர்கள் என்று அப்பா, அம்மா, அக்கா எல்லோரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஒருவரையும் திருப்பித் தரவில்லை. இவள் மட்டும் அதற்கு முன்னாலேயே கப்பலேறி இங்கே ஹைஃபா துறைமுகத்தில் இறங்கியிருந்தாள். எங்கள் ஊரில் ஆரஞ்சுப் பழம் பெட்டி போடும் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதில் குடியேறி, செங்கல்லைத் தானே அடுக்கிச் சூளை கட்டினாள். ஜெர்மனியில் கண்காட்சிகளில் வைக்கிற மாதிரி ஜாடிகள் செய்தவளாம். இங்கே பூந்தொட்டியும் காப்பிக் கோப்பையும் செய்தாள்.

நான் ஏமனிலிருந்து வந்து, குடியேறியவர்களுக்கான கூடாரத்தில் கிடந்த காலம் அது. ஊரில் முன்பே குடியேறியிருந்த போலந்துக்காரப் பெண்கள் தரை துடைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ட்ரூடா என் கையைத் திருப்பிப் பார்த்தாள். ரொட்டி மாவு பிசைந்த கைதானே, மண்ணையும் பிசையும் என்று சொல்லி உள்ளே விட்டாள்.

அவளுக்கு நம் எபிரேய மொழி கடைசிவரை படியவில்லை. ஆண்பால், பெண்பால் இரண்டும் நாக்கில் புரண்டுவிடும். ஒருநாள் எங்கள் மதகுரு ரபி கோப்பை வாங்க வந்தபோது, "வாடி, வந்து உக்காரு" என்று அவரை வரவேற்றாள். ரபி தாடிக்குள் சிரித்தார். ஊர் அதை ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரித்தார்களே தவிர, பஸ்கா இரவு விருந்துக்கு அவளை ஒரு வீடும் கூப்பிடவில்லை. நான் மட்டும் கூப்பிட்டேன். வரமாட்டாள். "நீ என்கிட்ட வேலை பார்க்குற சயீதா. நீ கூப்பிடாம இருப்பியா? ஊர் கூப்பிடட்டும், வரேன்" என்பாள். வீட்டுக்கு வீடு விளக்கெரிய, ஜனங்கள் பாட, இவள் கொட்டகையில் உட்கார்ந்து கோப்பைகளுக்குக் காது ஒட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் வீட்டில் பஸ்கா கொண்டாடியதே இல்லை. அப்பா டாக்டர், அதையெல்லாம் பழங்கதை என்று விட்டவர். அந்த ஏழு நாளில் ரொட்டி கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். மாவில் தண்ணீர் பட்டாலே புளிப்பாகிவிடும், அதுவும் தீட்டு என்பது தெரியாது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்த வருஷம் குடும்பமில்லாதவர்களுக்காகப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பொது விருந்து வைப்பதாக ஏற்பாடு. பெண்கள் குழுவுக்குப் பெஸ்யாதான் தலைவி. கொட்டகைக்கு எதிர்வீடு அவளுடையது. அவளே வந்து கேட்டாள்.

"தட்டு எல்லாம் உன் கையால வரணும். நீயும் வரணும். உனக்கு ஒரு நாற்காலி போட்டாச்சு."

அன்று சாயங்காலம் முழுக்க ட்ரூடா என்னைத் துளைத்தெடுத்தாள். என்ன உடுத்துவது, எப்போது எழுந்து நிற்பது, பாட்டுத் தெரியாவிட்டால் வாயை அசைத்தால் போதுமா என்றெல்லாம். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெள்ளைப் பூச்சு, அதன்மேல் நீல மாதுளம்பழம் என்று தட்டுகளைச் செய்தாள். பூச்சு காய்ந்தால் வெறும் பொடிதான். தூரிகை பட்டால் உதிரும். உதிராமலிருக்க ஒரு பிசின் கலப்பாள். அது தீர்ந்துபோயிற்று, அப்போது கடையில் எதுவும் கிடைக்காத காலம். அதற்கென்ன, மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினாலும் பிடிக்கும், சூளையில் எரிந்துபோய்விடும் என்று நினைத்தாள். பஸ்காவுக்கு முன்னால் ஊரில் எல்லோரும் மாவை ஒழித்துக்கட்டத்தானே அலைவார்கள்? பெஸ்யாவிடம் கேட்டாள். "எடுத்துக்கோ, எனக்குத் தலைவலி விட்டுச்சு" என்று டப்பாவோடு கொடுத்தாள் பெஸ்யா. நான் அந்த வாரம் பண்டிகைக்காக என் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தேன். இருந்திருந்தால் அந்தக் கஞ்சியை வாசலில் கொட்டியிருப்பேன்.

தட்டுகள் வெந்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். பிறகு ட்ரூடா டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"உன் மாவாலதான் பெஸ்யா, தட்டு இவ்வளவு நல்லா வந்துச்சு."

தெரிந்து செய்தவள் நன்றி சொல்லப் போவாளா? இதை அந்த மருமகளிடம் கேள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரபி வந்தார், சூளைக்குள் தலைவிட்டுப் பார்த்தார். இந்தச் சூட்டில் மாவு எங்கே இருக்கும், சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை என்றார். சொன்னவர் அதோடு நிறுத்தக்கூடாதா? பார்க்கிறவர்கள் மனசு என்று ஒன்று இருக்கிறது, குழுவே முடிவு செய்யட்டும் என்று தாடியை நீவிக்கொண்டு போய்விட்டார். குழு என்றால் பெஸ்யா. தீட்டுப்பட்ட மண்பாத்திரத்தைக் கழுவியெடுக்க வழியில்லை, உடைக்கத்தான் வேண்டும் என்றாள் அவள். மண்டபத்துக்குப் பின்னால் போட்டு உடைத்தார்கள். சத்தம் கொட்டகைவரை கேட்டது. ட்ரூடா கையிலிருந்த மண்ணை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை. அன்று இரவு பஸ்கா. மிச்சமிருக்கும் ரொட்டியை ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் எரிப்பார்கள். பெஸ்யாவும் எண்ணெய் டின்னில் எரித்துக்கொண்டிருந்தாள். ட்ரூடா தோல்பையோடு கொட்டகை வாசலுக்கு வந்தாள். பெஸ்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"ராத்திரி வந்துடு. உன் நாற்காலி அப்படியேதான் இருக்கு. சாப்பாடு தகரத் தட்டுல."

"டின்னுல என்ன எரியுது?"

"ரொட்டி."

"எரிஞ்ச பிறகு?"

"எரிஞ்ச பிறகு என்ன, சாம்பல். அது கணக்குல இல்ல."

"என் சூளை உன் டின்னைவிடச் சூடு கம்மியா?"

பெஸ்யா குச்சியால் நெருப்பைக் கிளறினாள். "அது வேற, இது வேற" என்றாள்.

"வேறதான்" என்றாள் ட்ரூடா. "டின் உன்னோடது."

அன்று அவள் பேச்சில் ஒரு சொல்கூடப் புரளவில்லை. சூளையை நீ எடுத்துக்கோ என்று என்னிடம் சொன்னாள். சூளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எங்கே போகிறாய் என்று கேட்டேன், ஹைஃபா பஸ் என்றாள். அதற்கு மேல் கேட்டால் அழுதுவிடுவேன் என்று விட்டுவிட்டேன்.

படியிறங்கினாள். பஸ் நிற்கும் இடம்வரை வாசலுக்கு வாசல் ரொட்டி எரிந்துகொண்டிருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. ஓடினாள் என்கிறார்களே, அவள் ஓடவில்லை. எல்லோரும் பார்க்க, அந்தப் புகைக்குள்ளே நடந்துதான் போனாள்.