மேல் மாடிக்கு ஒரு ஸ்பீக்கர்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடி வீட்டுக்குப் புது ஸ்பீக்கர்கள் பார்க்கப் திருச்சி பாலக்கரையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"மூணு மாடிக்கும் போடணுங்க. கீழ மைக்ல நான் பேசினா மேல் ரூம்ல கேக்கணும்."

"மேல யாரு சார்?" என்றார் கடைக்காரர்.

"பையன். வேலை போனதிலேருந்து கதவத் திறக்க மாட்டேங்கறான். ஃபோனும் எடுக்கறதில்ல."

"ஸ்பீக்கர அவர் ஆஃப் பண்ணிட்டா?"

பெரியவர் மேசை விளிம்பை இறுகப் பிடித்தார். "ஆஃப் பண்ண முடியாதபடி போடுங்க."

கடைக்காரர் சங்கடத்துடன் என்னைப் பார்த்தார். நான்தான் மெதுவாகக் கேட்டேன். "என்ன சார் பேசப் போறீங்க?"

"அதுதாங்க தெரியல."

முகவரி சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார். அந்த மைக்கில் அவர் முதலில் என்ன சொல்லியிருப்பார் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.