அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே?

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம், ஜெர்மனியின் ஹம் நகரில் நடந்தது இது. என் துவக்கு அனுமதி விண்ணப்பத்தை நிராகரித்து பொலிஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

துவக்கு, அதுதான் துப்பாக்கி, என்றதும் பயந்துவிடாதீர்கள். பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போய், மனைவியும் பிரிந்த பிறகு, வாய் திறந்து ஒரு வணக்கம் சொல்லவாவது ஆள் வேண்டுமே என்று இலக்குச் சுடும் கழகத்தில் சேர்ந்தவன் நான். ஒரு வருடம் ஒழுங்காகச் சுட்டால் சொந்தமாக ஒன்று வாங்க விண்ணப்பிக்கலாம். பொலிஸ் நம் பின்னணியைத் தோண்டிப் பார்த்துத்தான் அனுமதி தரும். என்னைத் தோண்டியதில் ஒரு கத்திக்குத்து வழக்கு வந்திருந்தது!

குத்தியவன் எவனோ ஒருவன். அவனுக்கும் என் பெயர், என் பிறந்த திகதி. இலங்கையிலிருந்து இங்கு வந்து இறங்கியபோது, கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்தபடி ஜனவரி முதலாந் திகதி என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அன்றுதான் பிறந்திருக்கிறோம்! திருத்தாமல் விட்டது என் பிழை.

'நம்பகத்தன்மை அற்றவர்' என்றிருந்தது கடிதத்தில். துவக்கு போனால் போகட்டும். இருபத்தெட்டு வருடம் ஒரு நாளும் வேலைக்குப் பிந்திப் போகாதவனுக்கு அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. சிநேகிதர் ஒருவருக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, துவக்குக்குப் பயந்து ஓடி வந்த எங்களுக்கு இது தேவையோ? பேசாமல் இருங்கோ" என்று சிரித்தார். அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை.

எதிர்த்து வழக்கு வைக்க ஒரு மாதம் இருந்தது. வழக்கறிஞர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: குத்து நடந்த அந்த ஞாயிறு காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள், அது யாருக்குத் தெரியும்? போனைத் துழாவினேன். அன்று எனக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. நானும் யாரையும் அழைக்கவில்லை. கழகப் பதிவுப் புத்தகத்திலும் என் பெயர் இல்லை. அன்று நான் உயிரோடு இருந்ததற்கே சாட்சி இல்லையே என்று அழுதுவிட்டேன்.

கழகத்திலிருந்து விலகிவிடலாம் என்று போனேன். சாவி வைத்திருக்கும் ஜெர்மன் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அதுவரை தலையாட்டியதோடு சரி, கதைத்ததில்லை. ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். திகதியைக் கேட்டவர், எதிரே இருந்த தன் வீட்டுக்குள் போய் முந்தின வருடத்து டைரியோடு வந்தார்.

அந்த ஞாயிறு காலை கழகம் பூட்டு. எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி போயிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. பூட்டிய கேற்றடியில் முக்கால் மணி நேரம் நின்று, கொண்டுபோன பாணைத் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நானே மறந்துபோன சங்கதி. ஜன்னலால் பார்த்த அந்த அம்மா அதை நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். அது அவருடைய கணவரை அடக்கம் செய்த கிழமையாம். உள்ளே கூப்பிட்டு ஒரு கோப்பி தர நினைத்தாராம். கதவைத் திறக்க மனம் வரவில்லையாம். அந்த வெட்கத்தில்தான் எழுதினேன் என்றார்.

அவரே பொலிஸ் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்து வைத்தார். வழக்குத் தொடங்கும் முன்பே நிராகரிப்பை விலக்கிக்கொண்டார்கள்.

என்னை இங்கே யாரும் கவனிப்பதில்லை என்று இப்போதும் சில ஞாயிறுகளில் தோன்றும். கவனித்தவர்களுக்கும் கதவைத் திறக்க முடியாத நாட்கள் இருக்கும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.