டொலறஸ் அக்காவின் பதினாலு வோல்ட்

லண்டன் நோர்பரியில் ஆரைக் கேட்டாலும் டொலறஸ் அக்காவை வாய்க்காரி என்பார்கள். நான் பதினொரு வருசம் அவவோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் விரிப்பு மடித்தவள். வாய் இருக்கிறதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவவுக்கு வாய் திறந்தால் பின்னாலேயே கையும் வேலை செய்யும். மற்றவர்களுக்கு முதலாவது மட்டும்தான்.

2009. ஊரில் நடந்ததை நினைத்து எல்லாரும் உடைந்துபோயிருந்த வருசம். அந்த வைகாசியில்தான் அவவின் புருசன் செபமாலைமுத்து அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிறகு தடியோடு மெல்ல நடந்தார். படி ஏற மட்டும் ஏலவில்லை. அந்த வீட்டில் மாடிப்படி இரண்டு சுவருக்கு நடுவால் ஏறும். பிடிக்க ஒன்றும் கிடையாது. அதனால் முன்னறை சோபாவிலேயே படுக்கை. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்க, நடுவீட்டில் கிடந்தார். "என்ர கட்டில்ல ஒருநாள் படுத்தால் காணும்" என்று என் முன்னாலேயே அழுதார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

படியில் ஒரு கைபிடி போட்டால் முடிகிற வேலை. கவுன்சிலில் சொன்னால் வந்து பார்ப்பார்கள். ஆனால் ஒருத்தன் வந்து வீட்டை அளந்து தன்னை ஏலாதவன் என்று எழுத விடமாட்டேன் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். பிறகென்ன, எங்கள் சனத்தின் வழக்கம்தான்: "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார்." அந்த எங்கட ஆள் தில்லையம்பலம். ஞாயிற்றுக்கிழமை வந்தார், இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார், சுவரைத் தடவிப் பார்த்தார், "வாற ஞாயிறு போடுவம்" என்றார். இப்படி ஆறு ஞாயிறு. வேறு ஆளைக் கூப்பிட்டால் அவர் கோபிப்பார் என்று அதற்கும் தடை.

ஏழாவது ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, சேலையோடேயே டொலறஸ் அக்கா என் வாசலில் நின்றா.

"வாரும், ட்ரில் வாங்கப் போறம்."

"உங்களுக்கு அது பிடிக்கத் தெரியுமே, அக்கா?"

"அகப்பையோடயே பிறந்தனான்? அதும் பழகினதுதானே."

கார் மரியநாயகத்தினுடையது. அவர் அண்ணையின் தம்பி. கார் அவருடையது என்பதால் கடையில் வாயும் அவருடையதானது. அக்கா கேள்வி கேட்க, கடைக்காரப் பெடியன் மரியநாயகத்தின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான். மரியநாயகம் இருக்கிறதிலேயே பெரிய பதினெட்டு வோல்ட் ட்ரில்லைத் தூக்கினார். "எடுக்கிறதெண்டால் பெரிசாய் எடுக்கவேணும், அண்ணி." எங்கள் ஆட்கள் அப்படித்தான். வீட்டில் நாலு பேர் என்றால் இருபது பேருக்குச் சோறு வேகிற பானை வாங்குவோம்.

அக்கா முகத்தைச் சுளித்ததும் பெடியன் சிரித்துக்கொண்டு ஒரு குட்டி ட்ரில்லை எடுத்து வந்தான். ரோசாப்பூ நிறம். "நான் நிறம் கேட்கவில்லை, செங்கல்லைத் துளைக்குமா என்று கேட்டேன்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னா. துளைக்காது என்று அவன் ஒத்துக்கொண்டான். சிரிப்பு போய்விட்டது. அதன் பிறகு அவவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினான்.

அக்கா வீட்டில் முட்டை அவிப்பதற்கு மணிக்கூடு பார்ப்பதில்லை. மாதா கோயிலில் சொல்கிற பரலோக மந்திரம் இத்தனை தரம் என்று கணக்கு. அதே கணக்கைக் கடையிலும் வைத்தா. ஒவ்வொரு ட்ரில்லையும் தோள் உயரத்துக்குத் தூக்கித் தூணில் குத்திப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு மந்திரம் சொன்னா. பதினெட்டு வோல்ட்டில் பாதி மந்திரத்துக்குள் கை நடுங்கியது. லூயிஷாம் சிவன் கோவிலுக்குப் போகிற எனக்கே மந்திரம் பாடமாகிவிட்டது. சனம் திரும்பிப் பார்த்தது, அவ பார்க்கட்டும் என்று விட்டா. பதினாலு வோல்ட் ஒன்று ஆமென் வரைக்கும் அசையாமல் நின்றது. செங்கல்லுக்கென்று அடித்துத் துளைக்கிற வசதி அதில் இருந்தது, புதுவகைப் பற்றறியும் இரண்டு இருந்தன. ஒன்று வேலை செய்ய மற்றது சார்ஜில் கிடக்கலாம்.

"பதினெட்டு இருக்கப் பதினாலு எடுக்கிற ஆளை இண்டைக்குத்தான் பார்க்கிறன்" என்றார் மரியநாயகம்.

"நீங்களோ தம்பி தூக்கிப் பிடிக்கப் போறியள்?"

ட்ரில்லோடு ஒரு மரக் கைபிடியும் வாங்கி வந்தோம். அக்கா படியின் இரண்டு சுவரையும் தட்டிப் பார்த்தா. ஏறும்போது இடப்பக்கம் உள்ளே பொள்ளல், வலப்பக்கம் கல். அண்ணைக்கு வலது கைதானே நல்லது, வலப்பக்கமே போடுவோம் என்று கீழிருந்து மேலே நூல் பிடித்தா. முதல் துளையில் பிழைத்தது. அடித்துத் துளைக்கிற பக்கத்துக்குத் திருப்ப மறந்துபோனா. முனை வழுக்கிச் சாந்து கையகலம் விழுந்தது. "சுவர் போச்சுது, விடப்பா" என்று முன்னறையிலிருந்து அண்ணை சத்தம் போட்டார். அவ விடவில்லை. திருப்பிவிட்டு மறுபடி அழுத்தினா. சிவப்புத் தூள் வந்தது. பத்துத் துளையும் போட்டுக் கைபிடியை முறுக்கி முடிக்க மூன்று மணியாகிவிட்டது.

மரியநாயகம் கைபிடியைத் தொட்டும் பார்க்கவில்லை. "இதை நம்பியோ அண்ணையை ஏத்தப் போறியள்? கீழேயே கிடக்கட்டும். இனி அவருக்கு மேல என்ன வேலை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கைபிடியை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு காலையும் தூக்கித் தொங்கினா. எண்பது கிலோ என்று தானே சொல்கிற உடம்பு. கைபிடி அசையவில்லை.

"இப்ப நீங்களும் ஒருக்காத் தொங்கிப் பாருங்கோ, தம்பி."

அவர் தொங்கவில்லை. செபமாலைமுத்து அண்ணைதான் எழும்பி வந்தார். வலது கையால் பிடித்து, நல்ல காலை முதல் வைத்து, பதின்மூன்று படி. அக்கா பின்னால் அணைவாக ஏறினா. மேலே அறைக்குள் கட்டில் கிறீச்சிட்ட சத்தம் கீழே நின்ற எனக்குக் கேட்டது. நான் அழுதேன், அதை ஏன் மறைக்கவேணும்.

கொஞ்ச நேரத்தில் அண்ணையின் குரல். "டொலறஸ், இறங்கேக்க இந்தக் கைபிடி எனக்கு இடப்பக்கமெல்லே வரும்?"

எங்களில் ஒருவருக்கும் அது ஓடவில்லை. ஆறு ஞாயிறு சுவர் தடவின தில்லையம்பலத்துக்கும் ஓடவில்லை. ஏறுவதையே நினைத்து நின்றுவிட்டோம். மரியநாயகம் சோபாவில் சாய்ந்திருந்து சிரித்தார்.

"இப்ப என்னெண்டு இறக்கப் போறியள், அண்ணி?"

அக்கா தலைமயிரெல்லாம் செங்கல் தூளோடு படியால் இறங்கி வந்தா. பாவித்த பற்றறியைக் கழற்றிச் சார்ஜில் போட்டா.

"ஆர் இப்ப இறங்கப் போறது? மனுசன் மூண்டு மாசத்துக்குப் பிறகு தன்ர கட்டில்ல கிடக்கிறார். கிடக்கட்டும். மற்றச் சுவருக்கும் ஒண்டு வேணும். நாலு மணிக்குக் கடை பூட்டிப்போடுவாங்கள், கார்த் திறப்பை எடுங்கோ."

மரியநாயகம் திறப்பை எடுத்தார்.