ஆசிட் குடித்த பீப்பாய்கள்

நேற்று நாவலூர் வீட்டில் மருமகள் ஈரம் போகாத நெத்திலியை எண்ணெயில் போட்டாள். சடசடவென்று வெடித்தது. எல்லோரும் விலகினார்கள், நான் மட்டும் கிட்டே போய் நின்றேன். ஒருகாலத்தில் என் மானத்தைக் காப்பாற்றிய சத்தம் அது.

எழுபதுகளில் திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு சின்ன ஆலை. லாரிப் பட்டறைகளிலிருந்து வரும் கறுத்த இன்ஜின் ஆயிலை ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்து விற்பார்கள். தீக்குச்சியை மூக்கடியில் கிழித்த மாதிரி ஒரு நெடி. சொன்னால் சிரிப்பீர்கள், நான் பெண் பார்க்கப் போன வீட்டில் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அங்கே நான் கெமிஸ்ட். பி.எஸ்சி. முடித்த கையோடு வந்ததால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு. ஆசிட் கிடங்கு காதர் பொறுப்பு. செங்கல்பட்டுக்காரன், என் வயசு. தினமும் அவன் கொண்டுவரும் ஆப்பத்தில் பாதி எனக்கு.

ஐப்பசி மழையில் திடீரென்று ஆசிட் செலவு ஏறியது. ஒரு ஜாடி போதுமாயிருந்த கொப்பரை ஆயிலுக்கு ஒன்றரை ஜாடி தேவைப்பட்டது. முதலாளி காரணம் கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கம். "கிடங்குலதான் பார்க்கணும் சார்" என்றேன். காதர் ஆசிட்டைத் திருடுகிறான் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும்.

"சனிக்கிழமைக்குள்ள எழுதிக் குடு. அவனை அனுப்பிடலாம்."

காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. காதர் எட்டிப் பார்த்தான்: "இன்னா மச்சான், நாஸ்தா துன்னாம குந்திகினு கீற?"

எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். ஆயில் பீப்பாய்கள் மழையில் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும், மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு பீப்பாயின் அடியிலிருந்து கரண்டியளவு எடுத்து அடுப்பில் காட்டினேன். சடசட! மூடி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. தண்ணீர் சேர்ந்தால் ஆசிட்டின் வீரியம் போய்விடும். மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலாளியை இழுத்துவந்து காட்டினேன். தண்ணீரை வடித்து, பீப்பாய்களைக் கூரைக்கடியில் படுக்கப் போட்டோம். மறு வாரம் பழையபடி ஒரு ஜாடியே போதுமாயிற்று.

சில மாதம் கழித்து, மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே காதரிடம் சொல்லிவிட்டேன்.

"பாய், கிடங்குல பாருங்கன்னு சொன்னது நான்தான்."

"தெர்யும். கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். கொஞ்சம் பேஜாராத்தான் இருந்துச்சு."

அந்த வாரம் முழுக்க, ஒருநாள்கூட என் பாதி ஆப்பம் குறையவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆலை இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைகள். அந்த மாதிரி ஆசிட் வேலையே ஒழிந்தது, நல்லதுதான். நாங்கள் கசடு கொட்டிய பள்ளத்தில் புல்கூட முளைத்ததில்லை. உச்சிவேளையில் திருக்கழுக்குன்றம் கோயில் மலைக்கு வரும் கழுகுகளும் வருவதை நிறுத்திவிட்டன. காதர் போய்ச் சேர்ந்தும் வருஷங்களாகின்றன. நல்லவேளை, அவன் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.