நெருப்பில் காட்டக் கொடுத்த பறை

அந்த இரும்புப் பட்டை என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பறையின் மரச்சட்டங்களை இணைக்கும் பட்டை, விரல் நீளம்கூட இல்லை. பேனா தேடும்போதெல்லாம் கையில் படும். தூக்கிப் போடவும் மனம் வருவதில்லை, வைத்துக்கொண்டு நிம்மதியும் இல்லை.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர் பக்கம் எங்கள் காலனி. ஊர்ச் சாவுக்கு இனி யாரும் பறையடிக்கப் போவதில்லை என்று எங்கள் இளைஞர் சங்கம் முடிவெடுத்தது. சொல்லப்போனால் சங்கத்துக்கு முன்பே அதைச் செய்தவர் மாமா, என் அம்மாவின் தம்பி. ஒரு பெரிய வீட்டுச் சாவுக்கு வரமாட்டேன் என்று சொன்னதால் உள்ளூரில் கூலி வேலை போய், புள்ளலூர் வரை நடவுக்கும் அறுப்புக்கும் அலைந்துகொண்டிருந்தார். ஆனால் பறையை விடவில்லை. "அவங்க சாவுக்குத்தான் அடிக்க மாட்டேன். மோளம் இன்னா பண்ணிச்சி?" என்பார். கட்டாயத்தை எதிர்த்துத் தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம் போய் மனுக் கொடுப்பதாக இருந்தோம். அந்த நடைக்கென்றே புதுத் தாள அடி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். யாருக்கும் அடித்துக் காட்டவில்லை, அன்றைக்குத்தான் என்றார்.

அந்த அடையாளமே வேண்டாம், எல்லாப் பறைகளையும் கொளுத்திவிட்டுத்தான் ஊர்வலம் கிளம்ப வேண்டும் என்று முந்தின நாள் கூட்டத்தில் பேசியவன் நான். சங்கச் செயலாளர் அல்லவா, வாய் நீளம். மாமா வேலைக்குப் போயிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

காலையில் வைக்கோலைக் குவித்து மூட்டினோம். முதலில் வந்தது மாமாதான். அடிப்பதற்கு முன் தோல் விறைக்கப் பறையை நெருப்பில் காட்டுவது வழக்கம். அதற்குத்தான் மூட்டியிருக்கிறோம் என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். "தள்ளிப் புடி மாப்ள, தோலு கருகிடப் போவுது."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் திரும்பி நடந்ததும் பறையை நெருப்பில் போட்டேன்.

வந்து பார்த்தவர் கத்தவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். அது தெரிஞ்சிதான் நீ கேக்கல" என்றார். ஊர்வலத்துக்கு வராமலும் இல்லை. கடைசி வரிசையில் வெறுங்கையோடு, தொடையில் விரலால் தட்டிக்கொண்டே நடந்தார். முன்னால் நான் போட்ட கோஷம் யார் காலோடும் சேரவில்லை. மறுநாள் சாம்பலைக் கிளறி இந்தப் பட்டையை எடுத்தேன்.

ஊர்ச் சாவுக்கு அழைப்பது நின்றுபோனது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் மாமா அதன்பிறகு பறையைத் தொடவில்லை. ஊரார் அவரை அடி என்றார்கள், நான் அடிக்காதே என்றேன். அவருக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. இதை நினைத்தால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை.

போன வாரம் பேத்தி கல்லூரி விழாவுக்குப் பறையோடு கிளம்பினாள். வாசலில் காகிதத்தைக் கொளுத்திவிட்டு, "தாத்தா, கொஞ்சம் காட்டிக் குடு" என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. நீயே காட்டும்மா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இழுப்பறையைத் திறந்தேன். பட்டையை எடுத்துப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நிற்கும்போதே அடிக்கத் தொடங்கிவிட்டாள். நடைக்கு ஏற்ற அடி. மாமா கட்டியதும் இப்படித்தான் இருந்திருக்குமா? எனக்கு எப்படித் தெரியும், அதை அடிக்கவே நான் விடவில்லையே.