தெலுங்கு தெரியாத போட்டோகிராபர்

கூலன்ட் ஆயில் வாசனை இருக்கிறதே... மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவினாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது. அந்தக் கையோடுதான் எத்தனையோ வீடுகளில் காபி டம்ளரை வாங்கியிருக்கிறேன். அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். லீவு நாளில் கல்யாண போட்டோகிராபர்.

நேற்று எங்கள் போட்டோகிராபர் குரூப்பில் ஒருவர், "ரேட் எப்படி ஃபிக்ஸ் பண்றீங்க?" என்று கேட்டிருந்தார். ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். நானும் டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ரேட் என்று ஒன்று கிடையாது. வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது, டிவி என்ன சைஸ், உட்காரச் சோபா போடுகிறார்களா, பிளாஸ்டிக் சேரா... பார்த்ததும் ஒரு நம்பர் வாயில் வரும். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

இதில் எனக்கு இன்னொரு வசதியும் இருந்தது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வாயைத் திறந்தால் சுத்தமான தெற்கத்தித் தமிழ். இவனுக்கு வேறு பாஷையே தெரியாது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. முதலில், எங்கள் ஊர்த் தெலுங்கைக் கேட்டு இங்கே சிரிப்பார்களே என்ற கூச்சத்தில் சொல்லவில்லை.

பிறகு... லாபத்தில் சொல்லவில்லை.

குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் பஞ்சர் கடை வைத்திருந்த ஒருவரின் வீடு. மகளுக்குக் கல்யாணம். பிளாஸ்டிக் சேர்தான் போட்டார்கள். தெலுங்குக்காரர், எனக்காகத் தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினார்.

"நம்முளுக்கு ஒரே பொண்ணு சார். சின்ன கல்யாணந்தான். பாத்து சொல்லுங்க சார்."

இருபதாயிரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மனைவி, என் எதிரிலேயே, அவரிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். போட்டோவுக்கென்று முப்பதாயிரம் வைத்திருக்கிறோம் இல்லையா...

"இரவைக்கி ஒப்புக்குண்டே பீருவா தீசுக்கோவச்சு."

இருபதுக்கு ஒத்துக்கொண்டால், மிச்சத்தில் மகளுக்கு ஒரு பீரோ எடுத்துவிடலாம்.

நான் ஒன்றும் புரியாதவன் போல சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்த்து வைத்திருந்தேன். அதற்குச் சரியாகப் பத்தாயிரம் குறைந்தது.

"முப்பத்திரெண்டு ஆகும்ணே" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டு, பெரிய மனது பண்ணுகிற மாதிரி, "சரிண்ணே, உங்களுக்காக ரெண்டு கொறச்சுக்கிடுதேன்" என்று முப்பதில் முடித்தேன். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. உள்ளே போய் ஒரு தட்டில் மிக்சர் கொண்டுவந்து வைத்தார். கணவர் பக்கம் திரும்பி, "மஞ்சிவாடு" என்றார்.

நல்லவனாம். அதுவும் எனக்குப் புரிந்தது. மிக்சரையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் சீர்வரிசையைப் படம் எடுக்கச் சொன்னார்கள். கட்டில், மெத்தை, மிக்சி, கிரைண்டர், நாலு குடம். புது லென்ஸில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் நாலு பேர் முன்னால் தெலுங்கில் கேட்டார், பீரோ எங்கே என்று. பெண்ணின் அம்மா, அடுத்த மாதம் வந்துவிடும் என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கேமரா என் கண்ணில். அந்த முகம் அவ்வளவு கிட்டத்தில்... தாங்கவில்லை. என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"கொஞ்செம் நவ்வம்மா."

கொஞ்சம் சிரிம்மா என்று, சுத்தமான வீட்டுத் தெலுங்கில்.

அவள் சிரித்தாள். நான் திரும்பினால், பின்னால் அவள் அப்பா, கையில் மாலைப் பையோடு. என்னையே பார்த்தார். அன்று வீட்டில் என் எதிரில் பேசியது ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமே இல்லை. நான்தான் கேமராவைத் திரும்பவும் கண்ணுக்குக் கொண்டுபோய் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"சாப்புட்டு போங்க சார்" என்றார். தமிழில்.

எனக்குத் தெலுங்கு தெரியும் என்று தெரிந்த பிறகும், அதே தட்டுத் தடுமாறிய தமிழில்.

ஆல்பம் கொடுக்கப் போனபோது பணத்தைத் திருப்பித் தரலாம் என்றால், அது லென்ஸாகிவிட்டிருந்தது. அதனால் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஃப்ரேம் பண்ணி எடுத்துப் போனேன். "தப்பு நாதே அண்ணா", தப்பு என்னுடையதுதான் என்று, தெலுங்கில் ஆரம்பித்தேன். அவர் அது காதில் விழாத மாதிரி ஃப்ரேமைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு எவ்ளோ சார்?"

"இது ஃப்ரீண்ணே..."

"வேணாம் சார். ரேட்டு சொல்லுங்க."

எத்தனையோ வீடுகளில் கூசாமல் நம்பர் சொன்ன வாய்... அன்று ஒரு நம்பரும் வரவில்லை. அவரே சட்டைப் பையிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். மறுக்க எனக்கு முகமில்லை. வாங்கிக்கொண்டேன்.

இப்போது வாட்ஸ்அப்பில் ரேட் கார்டு அனுப்பிவிடுகிறேன். பங்களாவோ ஒற்றை ரூமோ, எல்லோருக்கும் ஒரே ரேட். கறார் பேர்வழி என்கிறார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன்பே, "எனக்குத் தெலுங்கு தெரியும்ங்க" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் எழுந்து உள்ளே போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். அதுதான் சரி.

கிருஷ்ணகிரிக்குப் போகும்போது அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைப் பார்த்தால் அவர் கையைத் தூக்குவார். "நல்லா கிறீங்களா சார்?" என்பார். மரியாதையாக, தமிழில்.

இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது, தெலுங்கில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.